வென்ற டீசல் ஏன் தோற்றது?

சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஏற்றது டீசலா, பெட்ரோலா என்ற கேள்வியை இன்று எவரும் எழுப்புவதில்லை. போர்ஷே நிறுவனம் 2018இல் டீசலைக் கைவிட்டது. பென்ட்லியும் மசராட்டியும் அடுத்தடுத்து விலகின. இந்தியாவில் ஆடி நிறுவனம் 2020 ஏப்ரலில் பெட்ரோலுக்கு மாறியது. ஃபெராரி ஒருபோதும் டீசல் கார் விற்றதே இல்லை. ஆகவே, ‘டீசல் லாரிக்கும் டிராக்டருக்கும் உரியது, வேகத்துக்கு உரியது பெட்ரோல்’ என்ற பழைய தீர்ப்பே இறுதியில் நிலைபெற்றுவிட்டதாக வாகன ஆர்வலர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

தீர்ப்பு சரியாக இருக்கலாம். அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு என்பது என் கருத்து. வேகத்தில் தோற்றதால் டீசல் வெளியேறவில்லை. உலகின் மிகக் கடுமையான கார் பந்தயத்தில் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து வென்ற என்ஜின் அது. அதை வீழ்த்தியவை அரசுகள் வகுத்த அளவுகோல்களும், அந்த அளவுகோல்களின் ஓட்டைகளில் நிறுவனங்கள் கட்டிய மாளிகைகளுமே. கோடி ரூபாய் கார்களைப் பற்றிய இந்தக் கதை, கார் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் உரியது. ஏனெனில், காரின் விலையை வாங்குபவர் கொடுத்தாலும் அதன் புகைக்கான விலையைக் கொடுப்பவர்கள் சாலையோரம் நிற்பவர்கள்.

இரண்டு என்ஜின்கள், இரண்டு குணங்கள்

பெட்ரோல் என்ஜினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை ஸ்பார்க் பிளக்கின் பொறி பற்றவைக்கிறது. ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் உருவாக்கிய நான்கு வீச்சு என்ஜினின் வழிவந்தது இது. டீசல் என்ஜினுக்குப் பொறி தேவையில்லை. காற்றை மிகக் கடுமையாக அழுத்தும்போது ஏறும் வெப்பத்திலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய என்ஜின், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 26 சதவீதத்தைப் பயனுள்ள வேலையாக மாற்றியது. நீராவி என்ஜின்கள் கோலோச்சிய அந்தக் காலத்தில் இது பெரும் பாய்ச்சல்.

அழுத்தம் கூடுதல் என்பதால் டீசலில் சிக்கனம் கூடுதல். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேலாக ஆற்றல் இருப்பது இன்னொரு சாதகம். குறைந்த சுழற்சியிலேயே முறுக்குவிசை முழுமையாகக் கிடைத்துவிடுவதால், நின்ற இடத்திலிருந்து கனமான வண்டியை இழுத்துச் செல்ல டீசலே சிறந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அந்த அழுத்தத்தைத் தாங்க என்ஜினின் உறுப்புகள் கனமாக இருக்க வேண்டும். டீசல் எரிந்து முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் அதிகம். ஆகவே டீசல் கார் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சுழற்சியோடு நின்றுவிடும். போர்ஷே 911 ஜிடி3 காரின் பெட்ரோல் என்ஜினோ 9,000 சுழற்சி வரை செல்லும். திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. டீசல் முதலாவதைக் கொண்டும், பெட்ரோல் இரண்டாவதைக் கொண்டும் ஒரே இலக்கை அடைகின்றன. காரோட்டியின் காதுக்கும் கைக்கும் கிடைக்கும் அனுபவம்தான் வேறு. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் விலை கொடுப்பது பெரும்பாலும் அந்த அனுபவத்துக்கு என்பதால், பெட்ரோலுக்கு இயல்பாகவே ஒரு முன்னுரிமை இருந்தது.

லெ மானில் நடந்தது

பிரான்ஸின் லெ மான் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் வேகத்தோடு தாங்குதிறனும் சிக்கனமும் சோதிக்கப்படுகின்றன. எரிபொருள் நிரப்ப எத்தனை முறை நிற்க வேண்டியிருக்கிறது என்பதே பல ஆண்டுகளில் வெற்றியைத் தீர்மானித்திருக்கிறது. 2006இல் ஆடி நிறுவனம் 5.5 லிட்டர் கொள்ளளவும் 12 சிலிண்டர்களும் கொண்ட டீசல் என்ஜின் பொருத்திய ஆர்10 காரை அங்கே இறக்கியது. 650 குதிரைத்திறனுக்கு மேல், 1,100 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை. ஃபிராங்க் பீலா, இமானுவேலே பிர்ரோ, மார்கோ வெர்னர் மூவரும் மாறி மாறி ஓட்டி 380 சுற்றுகளை முடித்து வென்றார்கள். அந்தப் பந்தயத்தின் வரலாற்றில் டீசல் கார் வென்றது அதுவே முதல் முறை.

அடுத்த இரு ஆண்டுகளும் ஆடிக்கே. 2009இல் பெஜோ நிறுவனத்தின் டீசல் கார் வென்றது. பிறகு 2010 முதல் 2014 வரை மீண்டும் ஆடி. அதில் கடைசி மூன்றும் டீசலோடு மின்மோட்டாரையும் இணைத்த கார்கள். 2010இல் ஆடி கடந்த 5,410 கிலோமீட்டர், அந்தப் பந்தயத்தில் அதுவரை எவரும் கடந்திராத தொலைவு.

இந்த வெற்றிகளை அப்படியே ஏற்கக் கூடாது என்று அப்போதே சிலர் வாதிட்டார்கள். அதில் நியாயம் உண்டு. அன்றைய விதிகளின்படி டர்போ பொருத்திய பெட்ரோல் என்ஜினுக்கு 4 லிட்டர் கொள்ளளவே அனுமதி, டீசலுக்கு 5.5 லிட்டர். சிக்கனம் தரும் சாதகத்தைக் குறைக்க 2007இல் டீசல் கார்களின் எரிபொருள் டேங்க் 90 லிட்டரிலிருந்து 81 லிட்டராகக் குறைக்கப்பட்டது. விதிகளை மாற்றினால் வெற்றியாளரும் மாறுவார் என்பதை லெ மான் வெளிப்படையாகவே காட்டியது. ஆயினும் அங்கே ஒரு நேர்மை இருந்தது. எல்லாப் போட்டியாளர்களுக்கும் விதி தெரியும். விதியை மீறினால் பந்தயத் திடலிலேயே பிடிபடுவார்கள். சாலையில் அந்த நேர்மை இல்லாமல் போனதுதான் பின்னர் நிகழ்ந்த சோகம்.

திடலிலிருந்து சாலைக்கு

லெ மான் வெற்றியைக் காசாக்கும் முயற்சி உடனே தொடங்கியது. 2008இல் டெட்ராய்ட் கண்காட்சியில் ஆடி தன் ஆர்8 ஸ்போர்ட்ஸ் காரில் 12 சிலிண்டர் டீசல் என்ஜினைப் பொருத்திக் காட்டியது: 500 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர். அதே காலத்தில் தயாரான 10 சிலிண்டர் பெட்ரோல் ஆர்8 காரின் முறுக்குவிசை 530 நியூட்டன் மீட்டர்தான். அந்த டீசல் ஆர்8 உற்பத்திக்கு வரவே இல்லை. ஆனால் அதே அளவு திறன் கொண்ட 12 சிலிண்டர் டீசல் என்ஜின், க்யூ7 என்ற கனமான எஸ்யூவியில் விற்பனைக்கு வந்தது.

போர்ஷே 2009இல் கயென் எஸ்யூவியையும், 2011இல் நான்கு கதவு பனமேராவையும் டீசலில் விற்றது. ஆனால் தன் அடையாளமான 911 காரில் டீசலை நுழைய விடவில்லை. மசராட்டி 2013இல் தன் முதல் டீசல் காரை அறிமுகப்படுத்தியபோது, புகைக்குழாயருகே ஒலி எழுப்பும் கருவிகளைப் பொருத்த வேண்டியிருந்தது. டீசலின் இயல்பான ஓசை அந்தப் பெயருக்குப் பொருந்தவில்லை. 2016இல் பென்ட்லியின் முதல் டீசல் காரான பென்டைகா, மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

பொறியியலைப் பொறுத்தவரை இவை எவையும் தோல்விகள் அல்ல. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் ஒரே டேங்கில் நெடுந்தொலைவு செல்லும் அதிவேகக் காருக்கு டீசல் பொருத்தமான விடையே. ஆனால் சொகுசுக் கார் நிறுவனங்கள் டீசலுக்குப் போனது அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் அல்ல.

ஐரோப்பா அளந்ததும் அளக்காததும்

ஜெர்மனியில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 65 சென்ட் எரிசக்தி வரி. டீசலுக்கு 47 சென்ட்தான். டீசல் கார்களுக்கு ஆண்டு வாகன வரி கூடுதல் என்றாலும், அதிகம் ஓட்டுபவருக்கு டீசலே லாபம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் இதே நிலை. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது வெளியேறும் கரியமில வாயு ஏறத்தாழ 2.7 கிலோ, பெட்ரோலில் 2.3 கிலோ. லிட்டருக்கு அதிகம் மாசு தரும் எரிபொருளுக்குக் குறைந்த வரி என்பது, லாரிப் போக்குவரத்தைக் காக்க எடுக்கப்பட்ட முடிவு. அதன் நிழலில் சொகுசுக் கார்களும் ஒதுங்கிக்கொண்டன.

இரண்டாவது காரணம் பருவநிலை இலக்கு. புதிய கார்களின் சராசரிக் கரியமில வாயு வெளியேற்றத்தை 2015க்குள் கிலோமீட்டருக்கு 130 கிராமாகக் குறைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சட்டம் இயற்றியது. இரண்டு டன் எடையுள்ள, பெரிய என்ஜின் கொண்ட கார்களை விற்கும் நிறுவனத்துக்கு இந்த எண்ணை எட்ட எளிய வழி டீசல். எடையைக் குறைக்கவோ வேகத்தைக் குறைக்கவோ வேண்டியதில்லை. எரிபொருளை மாற்றினால் போதும்.

இந்தக் கணக்கில் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு உரிய இடம் தரப்படவில்லை. டீசல் என்ஜினில் அழுத்தமும் வெப்பமும் அதிகம். எரிந்தது போக ஆக்சிஜனும் மிச்சம். காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நுரையீரலைப் பாதிக்கும் வாயுக்களாக மாறுவதற்கு இது தோதான சூழல். பெட்ரோல் கார்களில் இதைத் தூய்மைப்படுத்தும் மும்முனை வினையூக்கி, ஆக்சிஜன் மிகுந்த டீசல் புகையில் வேலை செய்யாது. அதற்கு யூரியாக் கரைசலைத் தெளிக்கும் தனி அமைப்பு தேவை. அதற்குச் செலவும் இடமும் எடையும் தேவை.

ஐரோப்பிய அரசுகள் இந்தச் சுமையை நிறுவனங்கள் மீது ஏற்றத் தயங்கின. 2009இல் நடைமுறைக்கு வந்த யூரோ 5 விதி, பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடை அனுமதித்தது. டீசல் காருக்கு 180 மில்லிகிராம். சுவாசிக்கும் குழந்தையின் நுரையீரலுக்கு எந்த என்ஜினிலிருந்து வந்த வாயு என்ற வேறுபாடு தெரியாது. சட்டத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே எரிபொருள் எதுவானாலும் வரம்பு ஒன்றுதான். ஐரோப்பாவில் பழகிய டீசல் என்ஜின் அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது இந்த ஒற்றை வரம்பில்தான் மோதியது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே

டீசல் கார்கள் அமெரிக்கச் சாலைகளில் எவ்வளவு தூய்மையாக ஓடுகின்றன என்பதை ஐரோப்பாவுக்கு எடுத்துக்காட்டாகக் காண்பிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் தூய்மைப் போக்குவரத்துக்கான சர்வதேசக் குழு ஓர் ஆய்வை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. அரவிந்த் திருவேங்கடம் உள்ளிட்ட சிறு குழு, கையடக்க அளவைக் கருவிகளைக் கார்களின் பின்புறம் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியச் சாலைகளில் ஓட்டியது. ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டிலுக்கும் திரும்பவும் ஓட்டிச் சென்றது. ஆய்வுக்கூடத்தில் வரம்புக்குள் நின்ற இரு ஃபோக்ஸ்வேகன் கார்கள் சாலையில் வரம்பைப் பல மடங்கு மீறின. அதே ஆய்வில் இருந்த பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 டீசல் கார் பெரும்பாலும் வரம்புக்குள் ஓடியது. தூய்மையான டீசல் சாத்தியமே என்பதற்கான சான்றும் அதே அறிக்கையில் இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது. சோதனை நடப்பதை உணர்ந்து, அந்நேரம் மட்டும் தூய்மைக் கருவிகளை முழுமையாக இயக்கும் மென்பொருளை நிறுவனம் பொருத்தியிருந்தது. உலகெங்கும் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாக ஃபோக்ஸ்வேகன் ஒப்புக்கொண்டது. அது சிறிய, நடுத்தரக் கார்களின் கதை என்று எண்ணியவர்களுக்கு நவம்பர் 2 அன்று இரண்டாவது அதிர்ச்சி. ஆடியின் சொகுசுக் கார்களிலும் போர்ஷே கயெனிலும் இருந்த 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின்களும் குற்றச்சாட்டுக்கு உள்ளாயின. வரையறுக்கப்பட்ட சோதனையின் தொடக்கக் கட்டங்கள் முடிந்து ஒரே விநாடியில் அவை இயல்பு நிலைக்கு மாறி, வரம்பைப் போல ஒன்பது மடங்கு வரை மாசை உமிழ்ந்தன என்றது முகமை. யூரியா அமைப்பு காரில் இருந்தது. சாலையில் அதை முழுமையாக இயங்க விடவில்லை.

பல லட்ச ரூபாய் லாபம் கிடைக்கும் காரில் யூரியாவைச் சிக்கனப்படுத்துவானேன் என்ற கேள்விக்கு 2021 ஜூலையில் ஒரு பகுதி விடை கிடைத்தது. யூரியா டேங்கின் அளவு, நிரப்பும் இடைவெளி ஆகியவற்றில் ஜெர்மானிய நிறுவனங்கள் தமக்குள் ரகசியமாக ஒத்துப்போயிருந்தன. சட்டம் கேட்பதைவிடத் தூய்மையாகச் செய்யும் திறன் இருந்தும், அதில் ஒருவரோடு ஒருவர் போட்டியிடுவதில்லை என்பது உடன்பாடு. ஃபோக்ஸ்வேகன் குழுமத்துக்கும் பி.எம்.டபிள்யூ.வுக்கும் ஐரோப்பிய ஆணையம் 87.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. உடன்பாட்டை முதலில் வெளிப்படுத்திய டைம்லர் தப்பியது. முன்னதாக ஜெர்மனியில் ஆடிக்கு 80 கோடி யூரோவும் போர்ஷேவுக்கு 53.5 கோடி யூரோவும் அபராதம் விதிக்கப்பட்டிருந்தன. ஆடியின் முன்னாள் தலைவர் ரூபர்ட் ஸ்டாட்லர் 2023இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை பெற்றார்.

2018 பிப்ரவரியில், காற்றுத் தரத்தைக் காக்க நகரங்கள் டீசல் கார்களைத் தடை செய்யலாம் என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் பழைய டீசல் கார்களுக்குத் தடை விதித்த நகரங்களில் ஒன்று ஸ்டுட்கார்ட். போர்ஷேவுக்கும் மெர்சிடஸுக்கும் தாய்வீடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015இல் புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசலாக இருந்தன. 2024இல் அது ஏறத்தாழ 12 சதவீதம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. 2017 செப்டம்பர் முதல் ஐரோப்பாவில் புதிய கார்களைச் சாலையிலேயே ஓட்டி அளக்கும் விதி வந்தது. அதன் பிறகு வந்த டீசல் கார்கள் உண்மையிலேயே தூய்மையாயின. பத்தாண்டுகள் ‘முடியாது, செலவு மிகும்’ என்று சொல்லப்பட்டது, சரியாக அளக்கத் தொடங்கியதும் முடிந்தது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. நல்ல என்ஜினைச் செய்யத் தெரிந்தவர்களே அதன் பெயரைக் கெடுத்தார்கள்.

நம் கணக்கும் பிசகியதே

இந்தியாவில் இந்தக் கதை வேறு வடிவில் நடந்தது. 2010இல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. டீசலுக்கு 2014 அக்டோபர் வரை நீடித்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது, டீசல் ஏறத்தாழ 41 ரூபாய். உழவரின் பம்புசெட்டுக்கும் சரக்கு லாரிக்கும் பேருந்துக்கும் என்று அரசு சுமந்த மானியத்தை, அரைக்கோடி ரூபாய் ஜெர்மானியக் காரும் அதே பங்கில், அதே விலைக்கு நிரப்பிக்கொண்டது. எரிபொருள் விலை ஒரு பொருட்டே அல்லாதவருக்கும் டீசல் கார் விருப்பத் தேர்வானது.

2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், டெல்லி தேசியத் தலைநகர் வட்டாரத்தில் 2,000 சிசி-யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்யத் தடை விதித்தது. சொகுசுக் கார்களைக் குறிவைத்த இந்த ஆணையின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். பொதுக் காற்றை மாசுபடுத்தும் உரிமையைப் பணத்தால் வாங்க முடியாது என்று ஒரு நீதிமன்றம் சொன்னது முக்கியமானது. ஆனால் தேர்ந்தெடுத்த அளவுகோல் என்ஜினின் கொள்ளளவு. புகையின் அளவு அல்ல. விளைவு உடனே தெரிந்தது. 2016 ஜனவரியிலேயே மகிந்திரா நிறுவனம் 1.99 லிட்டர் டீசல் என்ஜினோடு டெல்லிச் சந்தைக்கு வந்துவிட்டது. அது சட்டத்துக்கு முற்றிலும் உட்பட்டது. நிறுவனத்தைக் குறை சொல்ல ஏதுமில்லை. கொள்ளளவைக் கேட்டோம், கொள்ளளவைக் குறைத்துத் தந்தார்கள்.

2016 ஆகஸ்டில் தடை நீங்கியபோது, அதற்கு ஈடாகக் காரின் விலையில் ஒரு சதவீதம் பசுமைக் கட்டணம் விதிக்கப்பட்டது. ஒரு கோடி ரூபாய் கார் வாங்குபவருக்கு ஒரு லட்சம் தடையாகாது. காப்பீட்டுத் தவணையோடு சேர்த்து அதையும் மறந்துவிடுவார்.

பின்னர் வந்த அளவுகோல் வயது. தலைநகர் வட்டாரத்தில் டீசலுக்குப் பத்து ஆண்டுகள், பெட்ரோலுக்குப் பதினைந்து ஆண்டுகள் என்ற வரம்பை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஜூலையில் அத்தகைய கார்களுக்கு எரிபொருள் தர மறுக்கும் முயற்சி தொடங்கிய வேகத்தில் நின்றது; ஆகஸ்டில் வயதை மட்டுமே காரணமாக்கி நடவடிக்கை எடுப்பதை நீதிமன்றமே இடைக்காலமாகத் தடுத்தது. பத்து ஆண்டில் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரையும் மூன்று லட்சம் ஓடிய காரையும் ஒன்றாக எண்ணும் விதி நெடுநாள் நிற்காது.

2020இல் பிஎஸ்-4 நிலையிலிருந்து பிஎஸ்-6 நிலைக்கு ஒரே தாவலில் மாறியது இந்தியா செய்த நல்ல காரியம். டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைந்தது. 2023 ஏப்ரலிலிருந்து சாலையில் ஓட்டி அளக்கும் விதியும் வந்தது. ஆனால் இவை புதிய கார்களுக்கான ஒப்புதல் சோதனைகள். சாலையில் ஏற்கெனவே ஓடும் காரை நாம் எப்படிச் சோதிக்கிறோம்? மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காக டீசல் காரில் புகையின் அடர்த்தியையும், பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் ஆகியவற்றையும் அளக்கிறோம். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. ஃபோக்ஸ்வேகனை வீழ்த்திய அந்த வாயு, நம் சான்றிதழில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

பெட்ரோலும் புனிதமல்ல

டீசல் வெளியேறியதால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பது அடுத்த ஏமாற்றத்துக்கு இடம் தரும். சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருளைச் செலுத்தும் நவீன பெட்ரோல் என்ஜின்களும் நுண்துகள்களை வெளியிடுகின்றன; ஐரோப்பாவில் 2018 வாக்கில் ஸ்போர்ட்ஸ் கார்களின் புகைக்குழாயிலும் துகள் வடிகட்டி பொருத்த வேண்டி வந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் கார்களுக்குக் குறைவாக விற்கும் சிறு உற்பத்தியாளர்களுக்குக் கரியமில வாயு இலக்கில் தனிச் சலுகை உண்டு. இதை நீட்டித்த விதிக்கு ஐரோப்பிய நாடாளுமன்ற வட்டாரத்தில் ஃபெராரியின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

முக்கியமானது, டீசல் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்திருக்கும் பிளக்-இன் ஹைபிரிட். பெரிய பெட்ரோல் என்ஜினோடு சிறிய பேட்டரியை இணைத்து, அதை வீட்டில் சார்ஜ் செய்துகொள்ளும் வசதி தருவார்கள். போர்ஷே, பென்ட்லி, ஃபெராரி, லம்போர்கினி என எல்லா நிறுவனங்களிடமும் இப்போது இது உண்டு. உரிமையாளர் பேட்டரியை நாள்தோறும் சார்ஜ் செய்வார் என்ற அனுமானத்தில் சோதனைக் கணக்கு அமைந்திருப்பதால், ஏட்டில் இவற்றின் கரியமில வாயு மிகக் குறைவு. 2021 முதல் ஐரோப்பாவில் புதிய கார்கள் தாம் உண்மையில் செலவிடும் எரிபொருளைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுகளைத் தொகுத்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் உண்மையான வெளியேற்றம் சோதனைக் கணக்கைப் போல மூன்றரை மடங்கு என்றது. இதில் மென்பொருள் மோசடி ஏதும் இல்லை. சட்டம் நம்ப விரும்பியதை நிறுவனங்கள் விற்றன, அவ்வளவுதான். டீசலின் கதையும் இப்படித்தான் தொடங்கியது.

என்ன செய்யலாம்?

சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்கள் நாட்டிலுள்ள வாகனங்களில் மிகச் சிறு பகுதி. அவற்றைப் பற்றி இவ்வளவு கவலை ஏன் என்று கேட்கலாம். எண்ணிக்கையில் அந்த வாதம் சரி. லாரிகளும் பழைய பேருந்துகளும் ஜெனரேட்டர்களும் வெளியிடுவதோடு ஒப்பிட்டால் இவற்றின் பங்கு பெரிதல்ல. ஆனால், புதிய தொழில்நுட்பங்கள் பலவும் புதிய சலுகைகள் பலவும் விலையுயர்ந்த கார்களில்தான் முதலில் தலைகாட்டுகின்றன. எந்தச் செலவையும் தாங்கக்கூடிய காரிடமே உண்மையான தூய்மையைக் கேட்கத் துணியாத அரசு, கடன் வாங்கி வேன் ஓட்டுபவரிடம் எந்த முகத்தோடு கேட்கும்?

மூன்று மாற்றங்கள் தேவை என்று கருதுகிறேன். முதலாவது, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழில் நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் அளக்கப்பட வேண்டும். எல்லா வண்டிகளுக்கும் ஒரே நாளில் இயலாது என்றால், விலையுயர்ந்த கார்களிலிருந்து தொடங்கலாம். இரண்டாவது, வரியைப் புகையோடு இணைக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு டீசல், பெட்ரோல் வேறுபாடின்றி 40 சதவீத ஜிஎஸ்டி. மின்சாரக் காருக்கு 5 சதவீதம். எரிபொருளின் பெயரைப் பார்த்து வரி விதிக்காதது நல்லதே. ஆனால் சிறிய காரையும் பெரிய காரையும் இன்னமும் நீளத்தையும் கொள்ளளவையும் கொண்டே பிரிக்கிறோம். ஒரே அளவுள்ள இரு கார்களில் தூய்மையானதைச் செய்பவருக்கு இந்த முறையில் எந்த நன்மையும் இல்லை. மூன்றாவது, ஹைபிரிட் கார்களுக்குச் சலுகை எதையும் அறிவிக்கும் முன், ஐரோப்பாவைப் போல உண்மையான எரிபொருள் செலவைக் காரே பதிவு செய்யும் விதியைக் கொண்டுவர வேண்டும். மாடல் வாரியாக அந்த விவரங்களைப் பொதுவில் வெளியிட வேண்டும்.

டீசலா, பெட்ரோலா என்ற கேள்வியை வாங்குபவரின் ரசனைக்கு விட்டுவிடலாம். ஒருவருக்கு 9,000 சுழற்சியில் எழும் ஓசை பிடிக்கும். இன்னொருவருக்கு மௌனமாக இழுத்துச் செல்லும் ஆயிரம் நியூட்டன் மீட்டர் பிடிக்கும். அரசு கேட்க வேண்டியது ஒன்றே: இந்தக் கார் சாலையில் ஓடும்போது புகைக்குழாயிலிருந்து என்ன வெளியேறுகிறது, எவ்வளவு வெளியேறுகிறது? லெ மான் திடலில் விதியைச் சொல்லி, அதைத் திடலிலேயே சரிபார்த்தார்கள். பொறியாளர்கள் அதற்கேற்ற என்ஜினைச் செய்து வென்றார்கள். அதே திறமைசாலிகளிடம் நாமும் சரியான கேள்வியைக் கேட்டு, விடையைச் சாலையில் வைத்தே சரிபார்க்கத் தொடங்கினால் போதும்.